தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒரிஜினல்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பகுதியில் ஏலத் தோட்டம் உண்டு. தோட்டத்து வீட்டில் ஒரு பழைய இரட்டைக் குழல் தோட்டாத் துப்பாக்கியும் பெரும்பாலும் இருக்கும். தாத்தா மறைந்த பிறகு பெயர் மாற்றும்போதோ, யாராவது விலைக்குக் கேட்கும்போதோதான் அதை வெளியே எடுக்கிறோம். 2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்த பிறகு, உரிமம் வைத்திருப்பவர்களிடம் இந்த விசாரிப்பு அதிகமாகிவிட்டது. என்னிடம் உறவினர்களும் தோட்டக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

'ஒரிஜினல்' என்று எதைச் சொல்கிறோம்? புதிது போல இருந்தால் ஒரிஜினலா?

செய்தவர் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பியபோது இருந்த குழல் நீளம், தோட்டா உட்காரும் அறை, மரக் கட்டை, மெருகு, எண் எல்லாம் அப்படியே இருந்தால் அது ஒரிஜினல். கையில் எடுத்துப் பழகியதால் வந்த தேய்மானம் அதன் மதிப்பைக் கெடுக்காது. பிறகு வேறொருவர் குழலை வெட்டியதும், புதுக் கருப்பு ஏற்றியதும், பஃப் போட்டுத் தேய்த்ததும், கட்டையை மாற்றியதும்தான் கெடுக்கும்.

எங்கள் தாத்தாவின் துப்பாக்கி இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்தது. அதன் ஆக்‌ஷனின் (குழல் வந்து பொருந்தும் நடு இரும்புப் பகுதியின்) அடிப்பக்கம் வெள்ளி போல வெளுத்திருக்கிறது. நடக்கும்போது அவர் உள்ளங்கை தாங்கிய இடம் அது. விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையமான விசைக் காப்பின் உள்பக்கத்தில், விரல் படாத மூலையில், கருநீலம் இன்னும் அப்படியே நிற்கிறது. கை படும் இடம் தேய்ந்தும் கை படாத இடம் தேயாமலும் இருக்கிற இந்த வரிசையைத்தான் நான் எந்தத் துப்பாக்கியிலும் முதலில் தேடுவேன். அறுபது வருடம் மலை மழையில் நனைந்த ஒரு துப்பாக்கி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பளபளத்தால், அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பார்க்கத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, லிவரைத் தள்ளித் திறந்து, இரண்டு அறைகளும் காலி என்று கண்ணால் பாருங்கள். விரலாலும் தொட்டுப் பாருங்கள். "நாற்பது வருடமாக யாரும் தொடவில்லை" என்பதை நம்பவே கூடாது. அந்த நாற்பது வருடமும் தோட்டா உள்ளேயே இருந்திருக்கலாம்.

பிறகு குழலின் அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, மேசையில் விரித்த பழைய வேட்டியின் மேல் வையுங்கள். அதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம். காலி அறையில் விசையை 'டக்' 'டக்' என்று இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தோட்டாவை அடிக்கும் பழைய ஊசிகள் அதில்தான் உடைகின்றன.

எண் எங்கே இருக்கும்?

குழல்களின் அடியில், ஆக்‌ஷனோடு பொருந்தும் தட்டையான பகுதியில் அல்லது கொக்கியில் ஒன்று இருக்கும். முன்கட்டையின் இரும்பில் ஒன்று, ஆக்‌ஷனில் அல்லது விசைக் காப்பின் வாலில் ஒன்று. மூன்றும் ஒன்றாக இருந்தால் குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றும் ஒரே துப்பாக்கியாகப் பிறந்தவை. குழலில் மட்டும் எண் வேறாக இருந்தால், வேறொரு துப்பாக்கியின் குழலைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். முன்கட்டை மட்டும் மாறியிருப்பதும் உண்டு.

உடம்பில் காணும் எல்லா எண்ணும் துப்பாக்கியின் எண் ஆகிவிடாது. காப்புரிமை எண் இருக்கும், குழலின் அளவு எண் இருக்கும். நான் பார்த்த ஓர் உரிமப் புத்தகத்தில் காப்புரிமை எண்ணையே துப்பாக்கி எண்ணாக எழுதி, மூன்று தலைமுறைக்கு அப்படியே புதுப்பித்து வந்திருந்தார்கள். பேரன் பெயருக்கு மாற்றும்போதுதான் அது தெரியவந்து, சரிசெய்ய ஒன்றரை வருடம் அலைந்தார்கள். 3-ஐ 8 ஆகவும் 1-ஐ 7 ஆகவும் படித்து எழுதியதும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் எண்ணின் மேல் லேசாகச் சாக்பீஸ் தேய்த்து, லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

எங்கள் பழைய காகிதங்களில் மாவட்டத்தின் பெயரே வேறாக இருக்கிறது. பிரச்சினையா?

பிரச்சினை இல்லை. பெரும்பாலும் அது உங்களுக்குச் சாதகமான சாட்சி. தேனி மாவட்டம் 1996-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய உரிமம் மதுரையில் வாங்கியதாக இருக்கும். இடுக்கி மாவட்டம் 1972-இல் வந்தது. அதற்கு முன் பீர்மேடும் தேவிகுளமும் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. எந்த வருடம், எந்த எண், எத்தனை அங்குலக் குழல் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால், இன்று கையில் இருக்கும் துப்பாக்கியோடு ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக் கட்டும் முன் அடித்தாள் வரை பாருங்கள். கடை ரசீது கிடைத்தால் அது பொக்கிஷம்.

குழலின் அடியில் கிரீடம், எழுத்து, எண் எல்லாம் குத்தியிருக்கிறது. அவை என்ன?

அவை சோதனை முத்திரைகள். பிரிட்டனில் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் கூடுதல் வெடிமருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்பது சட்டம். அதற்கென லண்டனில் ஒரு சோதனைச் சாலையும் பர்மிங்காமில் ஒன்றும் இருக்கின்றன. பர்மிங்காம் சாலை 1813-இல் தொடங்கியது. நம் பக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பர்மிங்காம் முத்திரை கொண்டவை.

இந்த முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தால் துப்பாக்கியின் வயது ஓரளவு தெரிந்துவிடும். கிரீடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள் இருந்தால் அது 1904-க்கு முந்தைய பர்மிங்காம் முத்திரை. கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் 1904-க்குப் பிந்தையது. என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அது இல்லாத பழைய துப்பாக்கி கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். 'நாட் ஃபார் பால்', அதாவது தனிக் குண்டுக்கு அல்ல என்று குத்தியிருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட காலம். வாய் குறுகிய சோக் குழல்களில் அப்படிக் குத்தினார்கள். சாய்சதுரக் கட்டத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் 1887-இலிருந்து வருகின்றன. 1954-க்குப் பிறகு குழலின் உள்விட்டம் .729 என்பது போலத் தசமத்திலும், அழுத்தம் டன் கணக்கிலும் வரும்.

இந்த .729 அங்குலம்தான் 12 போர் என்ற குழல் அளவின் சரியான உள்விட்டம். பழைய முத்திரையில் 13/1 என்றிருந்தால் அது .719. முத்திரை 13/1 என்று சொல்லி, இன்று அளந்தால் .735 வந்தால், துருவை எடுக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். குழலின் சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். இந்த அளவை வீட்டில் எடுக்க முடியாது. கருவி உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில்தான் எடுக்க வேண்டும். சுவர் மிக மெல்லிய இடத்திலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்காவது இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயக் கைவினைஞர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் துப்பாக்கி பெல்ஜியத்தின் லீயேஜ் நகரத்தில் செய்தது. மேலே என்ன ஆங்கிலப் பெயர் பொறித்திருந்தாலும் அதுதான் உண்மை. அதனால் அது மட்டமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கிலத் துப்பாக்கி என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கிறது. மெட்ராஸில் செய்ததா?

விற்ற கடையின் பெயர் அது. சென்னையில் பி. ஆர், ஓக்ஸ் ஆகிய கடைகளும் கல்கத்தாவில் மேன்டன், ரோடா ஆகியவையும் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றன. பெயர் எந்தக் கடையுடையதானாலும் முத்திரை பர்மிங்காம் என்று சொல்லும். இப்படிக் கடைப்பெயர் இருப்பது ஒரிஜினல் நிலையைக் குறைக்காது. தேய்க்கப்படாத கூர்மையான எழுத்துகளாக இருந்தால் அதுவே ஒரு நல்ல அடையாளம். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயர் இருந்தால் எண்ணைக் குறிப்பிட்டு அவர்களுக்கே எழுதலாம். பழைய பேரேடுகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். குழல் நீளம் முதற்கொண்டு அதில் இருக்கும்.

குழல் வெட்டப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழலைப் பிரித்து, பின் விளிம்பிலிருந்து வாய் வரை அளந்து பாருங்கள். பட்டறைகள் பெரும்பாலும் முழு அங்குலத்தில்தான் செய்தன: 26, 28, 30 வழக்கமானவை, 25 அங்குலமும் உண்டு. 26⅜ என்று வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்து வாயை நேரே பாருங்கள். இரட்டைக் குழல்கள் பின்னால் விலகியும் முன்னால் நெருங்கியும் வரும். ஒரிஜினல் வாயில் இரண்டு வளையங்களும் தொட்டுக்கொண்டோ மயிரிழை இடைவெளியிலோ இருக்கும். முன்பகுதியை வெட்டிவிட்டால் அந்த இடைவெளி தெரியும். வண்டன்மேட்டில் ஒரு துப்பாக்கியைப் பார்த்தேன். வாயில் இரண்டு குழல்களுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பொட்டு இருந்தது. நகத்தால் அழுத்தியதும் நகம் பதிந்தது. ஈயம். இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டி, இடைவெளியை ஈயம் ஊற்றி அடைத்து, மேலே கருப்புப் பூசியிருந்தார்கள். குறி பார்க்கும் மணியும் இடம் மாறி, சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தது. சோக் இருப்பதே வாயின் கடைசி ஓரிரு அங்குலத்தில்தான். வெட்டினால் அதுவும் போய்விடும், ரவை அகலமாகச் சிதறும்.

ஆயுதச் சட்டம் 1959-இன் 6-ஆம் பிரிவின்படி, உரிய உரிமம் இல்லாமல் குழலைக் குறுக்குவது குற்றம். வெட்டிய துப்பாக்கி என்று தெரிந்தால் விலை பேசும் முன் காகிதத்தில் எந்த நீளம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

குழலின் கருப்பு பழையதா, புதிதாக ஏற்றியதா?

பழைய ஆங்கிலக் குழல்களின் கருப்பு, துருவை மெல்ல மெல்ல வரவழைத்துத் தேய்த்து, பல நாள் செய்து எடுத்தது. ஆழமாக, மிருதுவாக, பழுத்த நாவற்பழத்தின் நிறத்தில் இருக்கும். வயதானால் பழுப்பு ஏறும். சூடான உப்புக் கரைசல் தொட்டியில் முக்கி எடுக்கும் புதுமுறைக் கருப்பு கண்ணாடி போல மின்னும். மின்னினால் என்ன என்று கேட்காதீர்கள்: இரட்டைக் குழல்களையும் நடுப்பட்டையையும் இணைப்பது மெல்லிய ஈயப் பற்று, அந்தக் கரைசல் அதை அரித்துவிடும். வெளியே அழகாக இருக்கும், இரண்டு வருடத்தில் பட்டை கழன்று வரும். ஒரு நூலில் கட்டிக் குழலைத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் பற்று நன்றாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது.

எழுத்துகளின் ஓரமும் கதை சொல்லும். துருவை எடுக்க பஃப் சக்கரத்தில் பிடித்திருந்தால், பொறித்த பெயரின் மூலைகள் சோப்புத் துண்டு போல மழுங்கியிருக்கும். முத்திரைகளின் மேல் மட்டும் கருப்பு திட்டுத்திட்டாக நின்றால் அங்கே தேய்க்கப் பயந்திருக்கிறார்கள்.

ஆக்‌ஷனில் நீலமும் பழுப்பும் கலந்த மேக நிறம் இருக்கிறது. அது ஒரிஜினலா?

எலும்புக் கரியில் சூடேற்றித் தோய்க்கும்போது வரும் நிறம் அது. இரும்பின் மேல்தோலைக் கடினமாக்கவே அப்படிச் செய்தார்கள். உள்ளங்கை படும் இடத்தில் அது முதலில் போகும், குழல் உட்காரும் இடத்தின் ஓரங்களில் கடைசி வரை நிற்கும். கை படும் இடத்தில் பிரகாசமாகவும் மறைவிடத்தில் வெறுமையாகவும் இருந்தால் பிறகு ஏற்றியது. கேஸ் விளக்கால் சுட்டு நிறம் வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சூடு, கடினமாக்கிய தோலையே இளக்கிவிடும். இதைச் செய்பவர்களிடம் துப்பாக்கியைக் கொடுப்பது பாவம் என்றே சொல்வேன்.

திருகுகளில் என்ன பார்க்க வேண்டும்?

நல்ல ஆங்கிலத் துப்பாக்கியில் திருகின் தலையிலுள்ள காடி மிக மெல்லியது. வெளியே தெரியும் திருகுகளின் காடிகள் குழலின் நீளவாக்கில் நேராக நிற்கும். காடி சிதைந்தும், கோணலாக நின்றும் இருந்தால், சைக்கிள் கடைத் திருப்புளி உள்ளே போயிருக்கிறது. உள்ளே என்ன செய்திருப்பார்கள் என்பது அடுத்த கவலை.

கட்டை மாற்றியதா?

ஆங்கிலக் கட்டைகள் வால்நட் மரம். நம் மலைப்பக்கத்தில் கட்டை உடைந்தால் ஈட்டி மரத்திலோ தேக்கிலோ செய்து போட்டிருப்பார்கள். ஈட்டி கருஞ்சிவப்பாக, கனமாக இருக்கும்; துப்பாக்கி பின்பாரமாகிவிடும். சில ஆசாரிகள் செய்த ஈட்டிக் கட்டைகளின் நேர்த்தியைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனாலும் ஒரிஜினல் இல்லை, விற்கும்போது அப்படியே சொல்ல வேண்டும்.

வால்நட்தான் என்றாலும், மரமும் இரும்பும் சேரும் கோட்டில் விரலை ஓட்டுங்கள். பட்டறையிலிருந்து வரும்போது மரம் இரும்பைவிட ஒரு மயிரளவு உயர்ந்தோ சமமாகவோ இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கட்டையில் மரம் தாழ்ந்து, இரும்பின் ஓரம் விரலில் இடறும். பிடியில் வெட்டிய வைரக் கட்டங்களுக்குள் வார்னிஷ் தேங்கி நின்றாலும் பிறகு பூசியதுதான். பழைய மெருகு ஆளிவிதை எண்ணெய் ஏற்றியது, மரத்துக்குள் இறங்கி மங்கலாக மிளிரும்.

ஆக்‌ஷனுக்குப் பின்னால் மரம் கருத்து மெத்தென்று இருந்தால், வாய் மேலாக நிறுத்திவைத்து எண்ணெய் வழிந்து ஊறியிருக்கிறது. எங்கள் வீட்டில் வேறு கதை. மழைக்குப் பயந்து ஏலம் உலர்த்தும் ஸ்டோரின் மேல்தளத்தில் வைத்தார்கள். குழலில் ஒரு பொட்டுத் துரு ஏறவில்லை. கட்டையின் கழுத்தில் இரண்டு அங்குலத்துக்கு வெடிப்பு.

தோட்டா அறையை எதற்குப் பார்க்க வேண்டும்?

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். பழைய 12 போர் அறைகள் பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. இன்று கடையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் கிடைக்கிறது. சுடும் முன் அது மடிப்போடு குட்டையாக இருப்பதால் பழைய அறையில் இடறாமல் நுழைந்துவிடும். சுட்டதும் மடிப்பு விரிந்து குழலின் குறுகும் இடத்தில் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறும். இதற்காக அறையை நீளமாகக் கடைந்த துப்பாக்கிகளும் உண்டு. முத்திரை 2½ என்று சொல்லி, அளவுகோல் 2¾ காட்டினால், அந்தச் சோதனை முத்திரை இனி அந்தக் குழலுக்குப் பேசாது.

குதிரை (விசையை இழுத்ததும் ஊசியை அடிக்கும் சுத்தி) வெளியே தெரியும் துப்பாக்கி, குழலில் பாம்புத்தோல் போல நெளிவு. என்ன செய்யலாம்?

அது டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டிச் செய்தது. நெளிவு குழலின் அடிப்பக்கம் வரை தொடர்ந்தால் உண்மையானது. அழகு பாருங்கள், பாதுகாத்து வையுங்கள். இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடாதீர்கள்.

எண் தேய்ந்து தெரியவில்லை. நாமே ஆழமாகக் குத்திக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. எண்ணையோ பெயரையோ அழிப்பதையும் மாற்றுவதையும் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுக்கிறது. எண் இல்லாத துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், மாறாக நிரூபிக்கும் வரை அவரே அழித்ததாகச் சட்டம் கொள்ளும். உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் செல்லுங்கள்.

தாத்தா இறந்துவிட்டார். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துப் பரிசோதிக்கலாமா?

முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு உரிமம் வந்த பிறகு பரிசோதிக்கலாம். 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க முடியும். அப்பா, பெரியப்பா காலத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே. பரம்பரைச் சொத்தாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். குமுளி, கம்பம்மெட்டு வழியாக எல்லை தாண்டி எடுத்துச் செல்லும் முன், உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

விற்கும் முன் சுத்தமாகப் பாலிஷ் போட்டால் விலை கூடுமா?

குறையும். தெரிந்தவர்கள் தேடுவது நீங்கள் தேய்த்து எடுக்கப் போகும் அந்தப் பழைய தோலைத்தான். மெல்லிய துணியில் கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் போடுவோம். சரியா?

தாத்தா காலத்தில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் குளிரில் வண்டன்மேட்டில் குழலைத் திறந்தால், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரே நகராமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். துரு என்று நினைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள், அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. நல்லெண்ணெய் காலப்போக்கில் பிசினாகும். கனிம எண்ணெய் மட்டும் போடுங்கள். கர்க்கடக (ஆடி) மழை தொடங்கும் முன் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது நன்றாக எண்ணெய் பூசி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, எண் தெளிவாக எழுதிய ரசீதோடு கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே குழலைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.